சுவாமியில்லாத காலத்துச் செபம்

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அந்த ஆண்டிலேயே அவர்கள் அறிவித்தார்கள். 1796இல் ஆங்கிலேயரிடம் கரையை ஒப்படைத்துவிட்டு அவர்கள் போகும்வரை 138 ஆண்டுகள் கழிந்தன. ஒரு குடும்பத்தில் நான்கைந்து தலைமுறை பிறந்து மறையும் காலம் அது. மகா ஓயா முதல் கற்பிட்டி முனைவரை நீளும் இந்தக் கரையில், குருவின் முகத்தையே பார்க்காமல் ஆண்டுகளைக் கழித்த கத்தோலிக்கர் ஏராளம். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை, கோயில் மணியும் இல்லை. அப்படியிருந்தும் 1806இல் ஆளுநர் மெயிட்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபோது, நீக்கத்தின் பயனை அனுபவிக்க இங்கே ஒரு சமூகம் குறையாமல் இருந்தது. இதற்குப் பலர் பல காரணம் சொல்வதுண்டு. முதன்மையான காரணம் ஒவ்வொரு நாளும் மாலையில் வீட்டுக்குள் நடந்த செபம்தான் என்பது என் கருத்து. கட்டடத்தையோ பதிவேட்டையோ அச்சுப் புத்தகத்தையோ நம்பியிராமல், குறித்த வேளை, குறித்த இடம், முன்னின்று சொல்லிக்கொடுக்க ஊரிலேயே ஒருவர் என்ற மூன்றின்மேல் அது நின்றது. எடுத்துப்போக முடியாதவற்றின்மேல் நின்றதால் எவராலும் எடுத்துப்போக முடியவில்லை.

இந்தச் சமயம் இங்கே வந்த விதம் பெருமைப்படத்தக்கது அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிலாபத்துக்கு அருகே உள்ள முன்னேஸ்வரம் கோயிலை 1578இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். வாளும் வரிச்சலுகையும் மனமாற்றத்துக்குத் துணைநின்றன. ஆனால் வாளின் பயத்தால் வந்தது வாள் போன பிறகும் ஏன் நின்றது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. பதிலின் ஒரு பகுதி கடலுக்கு அப்பால், முத்துக்குளித்துறையில் இருக்கிறது. 1542இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழ் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து முக்கியமான செபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு மணியைக் கையில் எடுத்து ஊர் ஊராகப் போய், நாளுக்கு இருமுறை சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் இந்த முறையை விளக்குகிறார். பிள்ளைகள் கற்றதைப் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஊரைவிட்டுப் புறப்படும்போது செபங்களின் எழுத்துப் பிரதி ஒன்றை அங்கே விட்டுப்போவார். எழுதத் தெரிந்தவர்கள் படியெடுக்க வேண்டும், எல்லோரும் மனப்பாடம் செய்து நாள்தோறும் சொல்ல வேண்டும். தான் அந்த ஊருக்கு எப்போது திரும்புவோம் என்று தெரியாத ஒருவர் வகுத்த ஏற்பாடு இது. குரு இல்லாத நாளையே வழக்கமான நாளாகக் கொண்டு, குரு வரும் நாளை விதிவிலக்காக வைத்து அமைத்தது. அவருக்குப் பின் அதே துறையில் உழைத்த அன்றீக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ இந்த ஏற்பாட்டின் அடுத்த படி. பரவரும் கரையாரும் இரு கரைக்கும் இடையே தொழிலுக்காகவும் உறவுக்காகவும் போய்வந்தவர்கள். அவர்களோடு இந்தப் பழக்கமும் போய்வந்தது என்று கொள்வதில் தவறில்லை.

புத்தளத்தின் நிலை ஒல்லாந்தர் காலத்தில் சற்று வேறானது. புத்தளம் நீரேரியின் வாயை அடைத்ததுபோல் 1667 முதல் 1676 வரை கற்பிட்டிக் கோட்டையைக் கட்டி அவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். நீரேரியின் உட்புறத்தில் இருந்த புத்தளமோ கண்டி அரசனின் துறைமுகமாக நீடித்தது. ஒரே நீரேரி, இரண்டு ஆட்சி. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசப் வாஸ் அடிகளார், சில்லாலையில் தங்கிப் பணிசெய்தார். 1689 கிறிஸ்மஸ் காலத்தில் அங்கே நடந்த கைதுகளுக்குப் பின், 1690இல் அவர் வந்து சேர்ந்த இடம் புத்தளம். அங்கே ஓராண்டுக்கு மேல் இருந்துவிட்டுத்தான் கண்டிக்குப் போனார். அவர் வரும்போது புத்தளத்தில் கத்தோலிக்கர் இருந்தார்கள் என்பதை நாம் கவனிக்கத் தவறுகிறோம். முப்பது ஆண்டுக்கு மேலாகக் குருவில்லாதிருந்தும் அவர்கள் இருந்தார்கள். அவரை ஒரு நாட்டையே மனந்திருப்பியவராகப் பாராட்டுவது வழக்கம். 2015 சனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோதும் அந்தப் புகழுரை கேட்டது. அவருடைய பெரும் உழைப்பு ஏற்கெனவே இருந்ததைத் தேடிக் கண்டு, ஒழுங்குபடுத்தி, தான் இல்லாவிட்டாலும் நடக்கும்படி விட்டுப்போனதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1711இல் அவர் இறந்தபோது இலங்கையில் 15 கோயில்களும் ஏறக்குறைய 400 செபக்கூடங்களும் இருந்தன என்பது அவருடைய வரலாற்றை எழுதியோர் தரும் கணக்கு. அப்போது நாடு முழுவதிலும் இருந்த குருக்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அப்படியானால் 400 கூடங்களில் நாள்தோறும் யார் முன்னின்றார்கள்?

அண்ணாவிமார் நின்றார்கள், மூப்பர்கள் நின்றார்கள். அண்ணாவி செபங்களையும் ஞானோபதேசத்தையும் சொல்லிக்கொடுப்பார், ஞாயிறு தோறும் ஊரைக் கூட்டிச் செபம் நடத்துவார், சாகக் கிடப்பவரின் அருகில் இருந்து உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லவைப்பார், அவசரத்தில் ஞானஸ்நானமும் கொடுப்பார். மூப்பர் ஊர்ப் பொதுக் காரியங்களைப் பார்ப்பார். குரு இரவில் வந்தால் எந்த வீட்டில் தங்குவது, எவருக்குச் சொல்லியனுப்புவது என்பது அவர் பொறுப்பு. இவர்கள் சம்பளத்துக்கு வந்த அயலார் அல்லர். வலையும் வள்ளமும் உள்ள அந்த ஊர்க்காரர்கள். அண்ணாவி பணிசெய்த இடம் கூடமென்றால் அதற்கு உள்ளே, இன்னும் சிறிய வட்டத்தில், வீடு இருந்தது. சுவரோடு ஒரு பலகை, அதன்மேல் மாதாவின் சுரூபம் அல்லது படம், ஒரு எண்ணெய் விளக்கு, கீழே பாய். விளக்கு வைத்ததும் வீட்டில் மூத்தவர், பெரும்பாலும் பாட்டி அல்லது தாய், முதற்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பிற்பாதியைச் சொல்வார்கள். அருள் நிறைந்த மந்திரம் இரண்டு பாதியாக நிற்பதால் எழுத்தறியாத சிறுபிள்ளையும் மூன்றே நாளில் கூடச் சொல்ல முடியும். ஐம்பத்து மூன்று மணி முடிந்து, பிரார்த்தனை முடிந்து, இறந்தோருக்கான செபமும் முடிந்தபின் பிள்ளைகள் கைகூப்பிப் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு எழுவார்கள். தூங்கி விழும் பிள்ளையைத் தட்டி எழுப்புவதும் இந்த ஒழுங்கின் ஒரு பகுதிதான். ஊர்ப் பெயர்களும் அண்ணாவிமாரின் பணியும் குருக்களின் கடிதங்களில் ஏறின; பாட்டிமாரின் பணி எதிலும் ஏறவில்லை. வரலாற்றை எழுதுகிறவன் இந்த இடத்தில் தன் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வேதம் இதில் எங்கே என்று கேட்பது நியாயம். 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இதற்கு விடை தேடியவர். கொங்கணி பேசும் கோவாக்காரரான அவர் தமிழையும் சிங்களத்தையும் கற்று இரண்டிலும் எழுதினார். ‘தேவ அருள் வேத புராணம்’ பைபிளின் வரலாற்றை ஆதி முதல் சொல்வது. ‘சுவிசேஷ விரித்துரை’ ஞாயிறுகளுக்குரிய சுவிசேஷப் பகுதிகளும் விளக்கமும் அடங்கியது. ‘வியாகுலப் பிரசங்கம்’ இயேசுவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக விரிப்பது. தவக்காலத்தில் உரத்து வாசிப்பதற்கென்றே ஆனது. ஒல்லாந்தரிடம் அச்சுக்கூடம் இருந்தது, இவரிடம் இல்லை. ஆகவே எல்லாம் ஓலையில் எழுதிப் படியெடுக்கப்பட்டு ஊருக்கு ஊர் போயின. ஒரு ஊரில் ஒரு ஓலைக்கட்டு, அதை வாசிக்கத் தெரிந்த ஓர் அண்ணாவி, சுற்றிலும் ஊர். குரு வராத ஞாயிறுகளில் விரித்துரையின் அந்த நாளுக்குரிய பகுதியை அண்ணாவி வாசிக்கலாம் என்பதற்காகவே அந்த நூல் அப்படி அமைந்தது. 1742 சூலை 17 அன்று போலவத்தையில் கொன்சால்வெஸ் இறந்தார். மகா ஓயாவுக்கு வடக்கே, இன்றைய புத்தளம் மாவட்டத்துக்குள், அவருடைய கல்லறை இருக்கிறது. தமிழ் உரைநடையின் வரலாற்றைப் பேசுவோர் வீரமாமுனிவரை மறப்பதில்லை. அதே காலத்தில் இங்கே வாழ்ந்து, கேட்கும் காதுக்கென்றே உரைநடை எழுதிய இவரை மட்டும் மறந்துவிடுகிறார்கள். இது எனக்குத் தீராத வருத்தம்.

ஒல்லாந்தர் செய்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் என் வாதத்தின் பலம் தெரியும். வேதத்தை மக்கள் மொழியில் கொடுக்க வேண்டும் என்பதில் அவர்கள் கத்தோலிக்கரைவிட எத்தனையோ மடங்கு முன்னே நின்றார்கள். கொழும்பில் அச்சுக்கூடம் வைத்தார்கள். தமிழரான பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை 1759இல் அச்சிட்டார்கள். கோயிற்பற்று தோறும் பள்ளி, பள்ளி தோறும் வாத்தியார், அவர் கையில் வினாவிடை, ஞாயிறன்று வாசிக்க எழுதிய பிரசங்கம், பிள்ளைகளின் பெயரும் ஞானஸ்நானமும் திருமணமும் ஏறும் தோம்பு. பள்ளிக்கு வராவிட்டால் தண்டம். தோம்பில் பெயரில்லாதவனுக்கு உத்தியோகமும் வாரிசுரிமையும் கடினம். புத்தகம், பள்ளி, பதிவேடு, அரசு ஆகிய நான்கும் ஒரு பக்கம் இருந்தன. முடிவு என்ன? எமர்சன் டெனன்ட் 1850இல் எழுதிய நூலில் தரும் கணக்கின்படி 1802இல் யாழ்ப்பாணத் தமிழரிடையே பெயரளவில் 1,36,000 புரொட்டஸ்தாந்தர் இருந்தார்கள். நான்கே ஆண்டு கழித்து 1806இல் அங்கே வந்த குளோடியஸ் பியூக்கனன், அந்தச் சமயம் அற்றுப்போய்விட்டது என்றும் அழகிய பழைய கோயில்கள் பாழடைந்து நிற்கின்றன என்றும் எழுதினார். அரசு விலகியதும் தோம்பு வெறும் தாளானது. வேதம் கையில் இருந்தும் அதை எடுத்து வாசிக்கும் ஒரு வேளை வீட்டுக்குள் உண்டாகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்த பாடம் பள்ளியோடு நின்றது.

கத்தோலிக்கம் கரையில் நிலைத்ததற்குச் சாதிக் கட்டுப்பாடே காரணம், செபம் அல்ல என்று சொல்வோர் உண்டு. கரையாரும் பரவரும் நெருங்கி வாழும் சமூகங்கள். வலை இழுக்கப் பலர் வேண்டும். சம்மாட்டியும் தொழிலாளியும் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள். ஊரைவிட்டுத் தனியே போக எவராலும் முடியாது. இதில் உண்மை பாதி இருக்கிறது. ஆனால் இதே மாவட்டத்தின் உடப்பைப் பாருங்கள். அதே கடல், அதே கரைவலை, அதே அம்பாப் பாட்டின் தாளம். உடப்பு மக்களோ இந்துக்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் கேட்டு, பதினெட்டு நாள் விழா எடுத்துத் தீமிதிப்பவர்கள். தொழிலும் நெருக்கமும் ஒன்றாக இருந்தும் ஒரு ஊர் ஒரு சமயத்தையும் அடுத்த ஊர் இன்னொன்றையும் காத்துவந்தன என்றால், எவர் ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்பதைத்தான் சாதி சொல்கிறது. உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல அதனால் முடியாது. ஐந்து வேளை வாங்கு கேட்கும் கற்பிட்டியையும் புத்தளத்தையும் சேர்த்துப் பார்த்தால், நாளை வணக்கத்தின் வேளைகளால் பகுப்பது இந்தக் கரையின் பொதுக் குணம் என்றே சொல்லலாம். கண்டி அரசனின் ஆதரவுதான் காரணம் என்பது இன்னொரு விளக்கம். அந்த ஆதரவு இருந்தது, பெரிதாகவும் இருந்தது. ஆனால் 1740களில் கண்டி அரசவை கத்தோலிக்கருக்கு எதிராகத் திரும்பியது. 1766 ஒப்பந்தத்தில் கரை முழுவதும் ஒல்லாந்தருக்குப் போனது. அதன்பின் முப்பது ஆண்டு எந்த அரசனின் நிழலும் இல்லாமல் கழிந்ததே, அதற்கு என்ன விளக்கம்?

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் வேறொன்று: ஐம்பத்து மூன்று முறை ஒரே மந்திரத்தைச் சொல்வது செபமா, கிளிப்பிள்ளைப் பாடமா? வேத வாசிப்புக்கும் அதற்கும் என்ன உறவு? இதைக் கேட்பவர்கள் செபமாலையின் உட்புறத்தைப் பார்க்காதவர்கள். முழுச் செபமாலைக்கு 150 அருள் நிறைந்த மந்திரம், சங்கீதங்களும் 150. வாசிக்கத் தெரிந்த துறவிகள் சங்கீதம் பாடியபோது, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அதன் இடத்தில் கிடைத்தது இது. ஒவ்வொரு பத்துக்கும் ஒரு தேவ இரகசியம் உண்டு. பழைய முறைப்படி திங்களும் வியாழனும் சந்தோஷ இரகசியங்கள், செவ்வாயும் வெள்ளியும் துக்க இரகசியங்கள், மற்ற நாட்களில் மகிமை இரகசியங்கள். பதினைந்தில் பதின்மூன்று நேரே புதிய ஏற்பாட்டுச் சம்பவங்கள். கபிரியேல் வந்தது முதல் பரிசுத்த ஆவி இறங்கியது வரை ஒரு வாரத்தில் இருமுறை ஒரு மீனவக் குடும்பத்தின் வாயில் வந்துபோனது. சுவிசேஷ விரித்துரையும் வியாகுலப் பிரசங்கமும் காதில் ஏறிய பிறகு அந்த ஒற்றைவரித் தலைப்புகள் வெறும் தலைப்பாக இருக்க முடியாது. கேட்டவை முழுவதையும் அவை மனத்தில் எழுப்பும். ஆயினும் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இயேசு பிரசங்கித்த மூன்றாண்டு காலம் இந்தச் சுற்றில் இல்லை. மலைப்பிரசங்கமும் உவமைகளும் நாள்தோறும் வீட்டுக்கு வரவில்லை; ஒளியின் இரகசியங்கள் என்று அந்தப் பகுதி சேர்க்கப்பட்டது 2002இல்தான். ஏசாயாவும் பவுலின் கடிதங்களும் அண்ணாவியின் ஓலைக்கு எட்டிய அளவே எட்டின. விசுவாசிகள் எல்லோரும் வேதத்தை நேரே வாசிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் சொன்னது இந்தக் கரைக்கு நூற்றாண்டுக் கணக்கில் பிந்திய சொல். பிந்திவந்தாலும் அதை ஏற்றுக்கொள்ள ஒரு வேளையும் ஒரு பாயும் வீட்டில் தயாராக இருந்தன என்பதே நான் வற்புறுத்துவது. செபத்துக்கு உட்காரும் வழக்கம் உள்ள வீட்டில் அன்றைய வாசகத்தைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. வழக்கம் இல்லாத வீட்டில் பைபிள் அலமாரியில் இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கரை மொழி மாறியது. சிலாபத்துக்குத் தெற்கே தமிழ் பேசிய கத்தோலிக்க ஊர்கள் பள்ளியாலும் கோயிலாலும் மெல்லமெல்லச் சிங்களத்துக்குப் போயின. 1939இல் சிலாபம் தனி மறைமாவட்டமானது. அதன் முதல் ஆயரும் கொன்சால்வெஸின் பணியை ஆராய்ந்த அறிஞருமான எட்மண்ட் பீரிசின் காலத்தில் இந்த மாற்றம் விரைந்தது என்பது பரவலான கருத்து. தமிழுக்கு இது பெரிய இழப்பு. தமிழில் செபம் சொன்ன வாய்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் செபம் இன்று புரியாது என்பதை நினைக்க மனம் கனக்கிறது. ஆனால் நேர்மையாகப் பார்த்தால், மாலைச் செபம் அந்த வீடுகளில் நின்றுவிடவில்லை. சொற்கள் மாறின, விளக்கும், வேளையும், முன்னின்று சொல்லும் மூத்தவரும், பதில் சொல்லும் வீடும் அப்படியே தொடர்ந்தன. வடக்கே மாம்புரி, கற்பிட்டிப் பக்கத்தில் தமிழிலும் தெற்கே வென்னப்புவ, மாறவிலப் பக்கத்தில் சிங்களத்திலும் நடப்பது ஒரே ஒழுங்கு. மொழிக்கும் அடியில் ஒரு சட்டகம் இருந்து பழக்கத்தைத் தாங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதன் பலம் அண்மையிலும் சோதிக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிறு கோயில்களில் பூசை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் நிறைவேற்றிய பூசையை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஓராண்டு கழியுமுன் கொரோனா வந்து கோயில்களை மறுபடி மூடியது. இரண்டு முறையும் செபம் வீட்டுக்குள் நடந்தது. அது அங்கே புதிதாகக் குடியேற வேண்டியிருக்கவில்லை. தலவிலில் அன்னம்மாள் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் கூடும் பல்லாயிரம் பேரைப் பார்த்து இந்தக் கரையின் பக்தியை அளக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த அளவுகோலில் நம்பிக்கை குறைவு. வருடத்தில் சில நாள் வாடி அடித்துத் தங்கிப்போகும் கூட்டம், ஆண்டு முழுவதும் தனித்தனி வீடுகளில் நடந்தது ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும் தருணம் மட்டுமே.

இப்போதைய ஆபத்து தடையாலோ குண்டாலோ வருவதல்ல. வீட்டில் ஆள் இல்லாமையால் வருவது. பலநாள் படகுகள் ஆண்களை வாரக்கணக்கில் கடலில் வைத்திருக்கின்றன. வென்னப்புவவிலிருந்தும் அதைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் தாய்மார் இத்தாலிக்கு வேலைக்குப் போய், பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். மறைக்கல்வி ஞாயிறு வகுப்புக்கும் பாடநூலுக்கும் பரீட்சைக்கும் போய்விட்டது. நல்ல வகுப்புகள்தான், ஆனால் ஒல்லாந்தர் பள்ளியின் முடிவை அறிந்தவர்கள் வகுப்பை மட்டும் நம்பியிருக்க மாட்டார்கள். சிறு கிறிஸ்தவ சமூகங்கள் வீடு வீடாகக் கூடி வேதம் வாசிப்பது நம்பிக்கை தருகிறது. அதுவும் மாதத்தில் ஓரிரு முறை நடப்பது, நாள்தோறும் நடப்பது அன்று. வென்னப்புவவில் மாலை 7 மணிக்கு விளக்கு ஏற்றும்போது இத்தாலியில் குளிர்காலமானால் பிற்பகல் 2.30, கோடையானால் 3.30, அங்கே தாய் வேலையில் நிற்கும் நேரம். தொலைபேசி எத்தனை நெருக்கமாக இருந்தாலும் இந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. ஆகவே வேளையை மாற்ற வேண்டும். அங்கே வேலை முடியும் மாலை இங்கே இரவு பத்து, பத்தரை. பள்ளிக்குப் போகும் பிள்ளை அதுவரை விழித்திருக்காது. அங்கே விடியற்காலை ஐந்தரை மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் காலை பத்து, பிள்ளை வகுப்பில். இரண்டு இடத்துக்கும் பொருந்துவது பெரும்பாலும் ஞாயிறு மட்டும்தான். மற்ற ஆறு நாளும் பாட்டியும் பிள்ளையும் மட்டுமே பாயில் உட்காரும் வீடுகள் இந்தக் கரையில் பெருகிவருகின்றன. பாட்டிக்குப் பிறகு முதற்பாதியைச் சொல்லப்போகிறவர் யார் என்பதை அந்த வீடுகள் இப்போதே முடிவுசெய்தாக வேண்டும்.